நெருங்கும்போது விலகுகிறவர்கள்: காதலில் கமிட்மென்ட் பயம் எங்கிருந்து வருகிறது?

ஆறேழு மாதம் எல்லாம் நன்றாகப் போயிருக்கும். பெரிய சண்டை இல்லை, ஏமாற்று இல்லை, மூன்றாம் ஆள் யாரும் இல்லை. பிறகு ஒருநாள் கல்யாணப் பேச்சு வரும். அவ்வளவு தூரம்கூடப் போகாமல், அடுத்த வருடத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய ஏதாவது ஒன்று வரும். அந்த வாரத்திலிருந்தே பதில்கள் சுருங்கத் தொடங்கும். வேலை திடீரென்று அதிகமாகும். நேற்றுவரை கண்ணில் படாத குறைகள் இன்று பெரிதாகத் தெரியும்: அவள் சிரிக்கும் விதம், அவன் சாப்பிடும் வேகம். கொஞ்ச நாளில் ஒரு செய்தி வரும்: 'நீ ரொம்ப நல்ல ஆள், எனக்குத்தான் இதெல்லாம் இப்போது சரிவராது.'

இப்படி விட்டுப்போகிறவரைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். காதலே இருந்திருக்காது என்பார்கள், அல்லது கல் மனது என்பார்கள். சிலர் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நெருக்கத்தைக் கண்டு விலகுகிறவர்களை உளவியலாளர்கள் ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் குழந்தைப் பருவத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது இந்தத் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை. வெளியே தெரியும் அந்த அமைதிக்கு அடியில் உடம்பு அமைதியாக இல்லை. இதை அவர்கள் கருவி வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கமிட்மென்ட் பயம் என்பது மக்கள் பேச்சில் உருவான பெயர். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடுகளில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆய்வாளர்கள் இதை அவாய்டன்ட் அட்டாச்மென்ட் என்ற பெயரில் படிக்கிறார்கள். விலகும் பிணைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதை மருத்துவமனையில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் சிறு குழந்தைகளைச் சேர்த்தால், பெற்றோர் வந்து பார்க்கும் நேரம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஜான் போல்பி என்ற மனநல மருத்துவரும், அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் அந்தக் குழந்தைகளைக் கவனித்தார்கள். முதலில் குழந்தை கத்தி அழும். அப்புறம் சோர்ந்து சுருண்டுகொள்ளும். மூன்றாவது கட்டத்தில் அழுகை நின்றுவிடும், சாப்பிடும், நர்ஸைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யும். 'பழகிவிட்டது' என்று வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அம்மா வந்து நிற்கும்போது அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவரைத் தெரியாதது போல் இருக்கும். இதைப் பழகிவிட்டதாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய தவறு என்பதை ராபர்ட்சன் 1952இல் படமாகவே எடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் பலருக்கு அப்போது அது கோபத்தைத்தான் வரவழைத்தது.

போல்பியின் அடிப்படை வாதம் எளிமையானது. பயம் வரும்போது நம்பிக்கையான ஒருவரிடம் ஓடுவது மனிதக் குட்டிக்குப் பசியைப் போலப் பிறவியிலேயே இருக்கிற தேவை. பால் கொடுப்பதால் உண்டாகும் ஒட்டுதல் அல்ல அது. அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1950களில் உகாண்டாவில் தாய்களையும் குழந்தைகளையும் அவர்கள் வீட்டிலேயே போய்க் கவனித்தவர் அவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளுக்காக சுமார் இருபது நிமிடச் சோதனை ஒன்றை வடிவமைத்தார். பொம்மைகள் இருக்கும் புது அறை. அம்மா இருப்பார், அறிமுகமில்லாத ஒருவர் வருவார், அம்மா சற்று நேரம் வெளியே போவார், திரும்பி வருவார். இன்னொரு முறையும் போய் வருவார். எய்ன்ஸ்வொர்த் அதிகம் கவனித்தது அம்மா திரும்பி வரும் நொடியை.

பெரும்பாலான குழந்தைகள் அழுதுகொண்டே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டும் அடங்காமல் அழுதன. மூன்றாவது வகைதான் நம் விஷயம். அம்மா போனபோது அவை பெரிதாக அழவில்லை. திரும்பி வந்தபோது அவரைத் தாண்டிப் பார்த்தன, பொம்மையை எடுத்தன. பார்க்கிறவருக்கு இவ்வளவு சுதந்திரமான குழந்தையா என்று தோன்றும்.

ஆனால் இதே குழந்தைகள் வீட்டில் அப்படி இல்லை என்பது எய்ன்ஸ்வொர்த்துக்கு முன்பே தெரியும். மாதக்கணக்கில் வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருந்தார். அங்கே இவை மற்ற குழந்தைகளைவிட அதிகம் அழுதன. அவற்றின் அம்மாக்களில் பலர் உடல் நெருக்கத்தை விரும்பாதவர்கள். குழந்தை ஒட்டிக்கொள்ள வரும்போது விலக்கிவிடுபவர்கள். 1977இல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற இருவர் சோதனை நேரத்தில் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து எழுதினார்கள். பொம்மையில் மூழ்கியது போலத் தெரிந்த குழந்தைக்கும் துடிப்பு ஏறித்தான் இருந்தது. அம்மாவிடம் ஓடிப்போன குழந்தைக்கு அது சீக்கிரம் இறங்கியது. பொம்மையை எடுத்த குழந்தைக்கு இறங்கவில்லை.

எனக்கு இந்த ஆய்வு வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது, எய்ன்ஸ்வொர்த்தின் மாணவி மேரி மெய்ன் இதற்குத் தந்த விளக்கம். முகத்தைத் திருப்பிக்கொள்வது பக்கத்திலேயே இருப்பதற்கான வழி என்றார் அவர். ஒட்ட வந்தால் தள்ளிவிடும் ஒருவரிடம், தேவையைக் காட்டாமல் இருந்தால் ஓரளவு தூரத்திலாவது இருக்க முடியும். முழுதாக நெருங்கினால் இருப்பதும் போய்விடும். ஒரு வயதுக் குழந்தை இதை யோசித்துச் செய்வதில்லை. அதன் உடம்பு கற்றுக்கொள்கிறது. அந்த வீட்டில் அந்தக் குழந்தைக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பிற்காலத்தில், தேவையைக் காட்டினால் தள்ளிவிடாத ஒருவர் எதிரே வந்து நிற்கும்போதும் அதே ஏற்பாடு வேலை செய்வதில்தான் சிக்கல்.

காதலுக்கு இந்தக் கருத்து வந்து சேர்ந்தது 1987இல். சிண்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் இருவரும் கொலராடோ மாநிலத்து நாளிதழ் ஒன்றில் காதல் பற்றிய கேள்வித்தாளை வெளியிட்டு, வாசகர்களின் பதில்களை ஆராய்ந்தார்கள். நெருக்கம் சங்கடமாக இருக்கிறது, யாரையும் முழுதாக நம்பிச் சாய முடியவில்லை, யாராவது ரொம்ப நெருங்கினால் பதற்றமாகிறது என்ற விவரிப்பைத் தங்களுடையது என்று தேர்ந்தெடுத்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள். மிச்சம் பேர் கைவிடப்படுவோமோ என்று எப்போதும் அஞ்சுபவர்கள்.

1991இல் கிம் பார்த்தோலமியூவும் லெனர்ட் ஹாரோவிட்ஸும் இதில் ஒரு முக்கியமான பிரிவைக் காட்டினார்கள். விலகுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. 'எனக்கு யாரும் தேவையில்லை' என்று உள்ளபடியே நினைப்பவர்கள் ஒரு வகை. தங்களைப் பற்றி நல்ல எண்ணமும், பிறர் மேல் அவநம்பிக்கையும் அவர்களுக்கு. 'எனக்கு நெருக்கம் வேண்டும், ஆனால் கிட்டே வந்தால் காயப்படுவேன்' என்பவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்குத் தங்கள் மேலும் நம்பிக்கை இல்லை, பிறர் மேலும் இல்லை. காதலர் ஒருவர் இன்று உருகிப் பேசி, நாளை காணாமல் போய், மறுவாரம் அழுதுகொண்டு திரும்பி வருகிறார் என்றால் அவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. சத்தமில்லாமல் குளிர்ந்துபோகிறவர் முதல் வகை. இரண்டுக்கும் ஒரே அறிவுரை சொல்வது பலிக்காது. இப்போதெல்லாம் ஆய்வாளர்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகவும் பார்ப்பதில்லை. கைவிடப்படும் பதற்றம், நெருக்கத்தைத் தவிர்த்தல் என்று இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன, எல்லோரும் அவற்றில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறோம்.

முதல் வகையைப் பற்றித்தான் அதிகம் சந்தேகம் எழும். 'யாரும் தேவையில்லை' என்கிறவருக்கு நிஜமாகவே தேவையில்லாமல் இருக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் பல பக்கத்திலிருந்தும் சோதித்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்கும் நேர்காணல் முறை ஒன்றை 1980களில் மேரி மெய்னும் சக ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். அம்மாவைப் பற்றி ஐந்து சொல் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். விலகும் பழக்கம் உள்ளவர்கள் 'அன்பானவர்', 'அருமையானவர்' என்று சொல்லிவிடுவார்கள். சம்பவம் கேட்டால் ஒன்றும் நினைவுக்கு வராது. வந்தாலும் அந்தச் சொல்லுக்கு நேர்மாறாக இருக்கும்: கை உடைந்தபோது திட்டுவார்கள் என்று பயந்து வீட்டில் சொல்லவே இல்லை என்பது போல. மேரி டோசியர், ராஜர் கோபக் இருவரும் 1992இல் இந்த நேர்காணலின்போது தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். உள்ளே பதற்றம் கூடும்போதும் எதையாவது அடக்கும்போதும் அந்த அளவு கூடும். பெற்றோரைப் பிரிந்தது, பெற்றோரால் ஒதுக்கப்பட்டது பற்றிய கேள்விகள் வந்தபோது, 'அதெல்லாம் என்னை ஒன்றும் பாதிக்கவில்லை' என்று சொன்னவர்களுக்கு அளவு ஏறியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1997இல் கிறிஸ் ஃப்ரேலியும் ஷேவரும் செய்த ஆய்வில், துணை தன்னைவிட்டு வேறொருவரிடம் போவதை நினைத்துப் பார்த்து, பிறகு அந்த நினைப்பை நிறுத்தச் சொன்னபோது, இந்த முதல் வகையினர் உண்மையாகவே அதை நன்றாக நிறுத்தினார்கள். அவர்களுடைய உடம்பும் அடங்கியது. அதாவது இந்த அமுக்கும் திறமை வெறும் நடிப்பு இல்லை, நன்றாகப் பயின்ற திறமை. ஆனால் மரியோ மிகுலின்சர் குழுவினர் 2004இல் ஒரு படி மேலே போனார்கள். நினைப்பை அமுக்கும் அதே நேரத்தில் ஒரு நீண்ட எண்ணையும் மனதில் வைத்திருக்கச் சொன்னார்கள். மனதின் மீது சுமை ஏறியதும் அமுக்கல் தளர்ந்தது. பிரிவைப் பற்றிய எண்ணங்கள் மேலே வந்துவிட்டன. தங்களைப் பற்றிய தாழ்ந்த எண்ணங்களும் கூடவே வந்தன. அமைதியாக இருப்பதற்கு இவர்கள் தொடர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. வாழ்க்கையில் வேறு சுமைகள் இல்லாதவரை அந்த உழைப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இன்னொரு சோதனையும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. மௌரீசியோ கார்வாயோ, ஷிரா கேப்ரியல் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு. மற்றவர்கள் உங்களை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்று பங்கேற்பாளர்களிடம் சொன்னார்கள். யார் ஏற்றுக்கொண்டாலும் கவலையில்லை என்று சொல்லும் முதல் வகையினர்தான் மற்றவர்களைவிடவும் அதிகம் மகிழ்ந்தார்கள். அந்தப் பசி அவர்களுக்கும் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் ஏன் கமிட்மென்ட் என்ற இடத்தில் வந்து உடைகிறது? உறவின் ஆரம்ப மாதங்களில் இவர்களில் பலர் அருமையான காதலர்கள். ஆர்வம் காட்டுவார்கள், சிரிக்க வைப்பார்கள். அந்தக் கட்டத்தில் யாரும் யாரையும் சார்ந்து நிற்பதில்லை. விலகிக்கொள்ளும் வாசல் திறந்தே இருக்கிறது. சார்ந்து நிற்க வேண்டிய நேரம் வரும்போதுதான், சேர்ந்து வாழ்வது, நோய், பணக் கஷ்டம், எதிர்காலத் திட்டம் என்று வரும்போதுதான், பழைய பாடம் விழித்துக்கொள்கிறது: தேவையைக் காட்டினால் இழப்பாய். ஆகவே உறவு மோசமாகும்போது வர வேண்டிய பயம் உறவு நன்றாகப் போகும்போது வருகிறது. விட்டுவிடப்பட்டவருக்குப் புரியாமல் போவதும் இதுதான். 'எல்லாம் நன்றாகத்தானே இருந்தது' என்பார். நன்றாக இருந்ததுதான் காரணம்.

கனடா ஆய்வாளர்கள் 2009இல் கமிட்மென்ட் தயக்கத்தையே நேராக எடுத்து ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. விலகும் தன்மை அதிகம் உள்ளவர்கள் தங்கள் உறவு எப்படியும் தோற்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கிறார்கள். எப்படியும் முடியப்போகும் ஒன்றில் யார்தான் முழுதாகக் கால் வைப்பார்கள்? கால் வைக்காததால் உறவு மெலிகிறது. மெலிந்ததும் 'நான்தான் சொன்னேனே' என்று அந்த எதிர்பார்ப்பு உறுதியாகிறது. இதை அவர்கள் சுதந்திரம் என்று உணர்கிறார்கள். எனக்கு இது சுதந்திரமாகத் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வருவதற்கு முன்பே பயம் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

துணை பக்கத்தில் இருக்கும்போது இது எப்படி நடக்கிறது என்பதை ஜெஃப்ரி சிம்ப்சனும் குழுவினரும் 1992இல் படம்பிடித்தார்கள். காதல் ஜோடிகளை வரவழைத்து, பெண்ணிடம் மட்டும், கொஞ்ச நேரத்தில் அச்சமூட்டும் ஒரு சோதனைக்கு நீங்கள் உட்பட வேண்டும் என்றார்கள். பிறகு இருவரையும் காத்திருக்க வைத்தார்கள். பிணைப்பில் பாதுகாப்பாக உணரும் பெண்கள் பயம் கூடக்கூடத் துணையின் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். விலகும் தன்மை உள்ள பெண்கள் பயம் கூடக்கூட அதிகம் ஒதுங்கினார்கள். ஆண்களிலும் அப்படியே: பாதுகாப்பாக உணர்பவர்கள் துணையின் பயம் கூடும்போது அதிகம் ஆறுதல் தந்தார்கள், விலகுகிறவர்கள் குறைவாகத் தந்தார்கள். பயம் குறைவாக இருந்த நேரத்தில் இந்த விலகல் இப்படி வெளியே தெரியவில்லை. நல்ல நாட்களை வைத்து மட்டும் ஒருவரை எடைபோட முடியாமல் போவது இதனால்தான். போகிற போக்கில் ஒன்று: இது ஆண்களின் குணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உலகின் பல பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் ஆண் பெண் வித்தியாசம் சிறியதாகவே இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லவும் இல்லை.

துணை கைவிடப்படும் பயம் உள்ளவராக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒருவர் பின்வாங்கும்போது மற்றவர் துரத்துகிறார், துரத்தும்போது இவர் இன்னும் பின்வாங்குகிறார். ஒவ்வொருவரும் மற்றவர் மனதிலிருக்கும் மிக மோசமான சந்தேகத்துக்குத் தினமும் சான்று தந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமூக ஊடகங்களில் 'அவாய்டன்ட்' என்பது இன்று திட்டும் சொல்லாகிவிட்டது. நம்மை வேண்டாம் என்ற எல்லோருக்கும் அந்தப் பட்டத்தைக் கட்டிவிடுகிறோம். ஒருவருக்கு நம் மேல் விருப்பம் இல்லாமலிருக்கலாம். பொருத்தமில்லை என்று தெளிவாகவே முடிவெடுத்திருக்கலாம். தனியாக வாழ்வதையே ஒருவர் உண்மையாக விரும்பலாம். நாம் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியிருக்கவும் கூடும். ஓர் ஆள் ஒரு உறவில் விலகுவதற்கும், எந்த உறவிலும் அதே கட்டத்தில் விலகுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதுதான் இங்கே பேசப்படுவது. அடி, மிரட்டல், தொடர்ந்த பொய் ஆகியவற்றை இந்தப் பெயரால் விளக்கி மன்னிப்பதும் கூடாது.

எல்லாப் பழியையும் தாயின் மேல் போடுவதும் சரியில்லை. ஒரு வயதில் இருந்த பிணைப்புக்கும் வளர்ந்த பிறகு காதலில் நடந்துகொள்ளும் விதத்துக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அது விதியை எழுதிவைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. பிறவிச் சுபாவம், நண்பர்கள், முதல் காதலில் பட்ட அடி எல்லாம் நடுவில் வந்து சேர்கின்றன. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் நடந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் விலகும் வகையாகவே தெரிந்தன. குழந்தை சீக்கிரம் தன்காலில் நிற்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கும் சூழலோடு சேர்த்தே அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இது மாறுமா? மாறுகிறது, ஆனால் வாதாடி மாறுவதில்லை. நிக்கோலா ஓவரால், சிம்ப்சன் முதலியோர் 2013இல் ஜோடிகளின் வாக்குவாதங்களைப் பதிவுசெய்து பார்த்தார்கள். விலகுகிறவரின் கருத்துக்கு மதிப்புக் கொடுத்து, அவர் செய்த நல்லதைச் சொல்லி, அவருக்கான இடத்தையும் விட்டுப் பேசிய துணைகள் முன்னால் கோபமும் ஒதுங்கலும் குறைந்தன. உருகிப் பேசும் ஆறுதலைவிட, கையோடு செய்யும் உதவி இவர்களிடம் எளிதாகப் போய்ச் சேர்கிறது. அதுவும் நிறையக் கிடைக்கும்போதுதான் பயன்படுகிறது. அரைகுறை உதவி எரிச்சலையே கூட்டுகிறது. 2017இல் வந்த இன்னொரு கனடா ஆய்வில், துணையோடு இனிமையாகக் கழித்த நேரத்தை நினைத்துப் பார்ப்பது, இருவரும் சேர்ந்து நெருக்கமான ஒன்றைச் செய்வது போன்ற சிறு பயிற்சிகளுக்குப் பிறகு, ஒரு மாதம் கழித்தும் விலகும் தன்மை குறைந்திருந்ததாகத் தெரிந்தது.

விலகுகிறவர் தன் பக்கமிருந்து செய்யக்கூடியதும் உண்டு. திடீரென்று துணையின் குறைகள் பெரிதாகும் நாளில், அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளில் நெருக்கமாக ஏதாவது நடந்ததா என்று திரும்பிப் பார்க்கலாம். பெரும்பாலும் நடந்திருக்கும். காணாமல் போவதற்குப் பதில் 'எனக்கு இரண்டு நாள் தனியாக இருக்க வேண்டும், ஞாயிறு பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு, ஞாயிறு நிஜமாகவே பேசலாம். இடைவெளி கேட்பதில் தப்பே இல்லை. திரும்பி வரும் நாள் தெரியாத இடைவெளிதான் துணையை உடைக்கிறது.

சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய ஜோடிகளுக்கான சிகிச்சை முறை, இந்தத் துரத்தல் விலகல் சுழலைத்தான் குறிவைக்கிறது. விலகுகிறவர் அறையில் அமைதியாகும் அந்த நிமிடத்திலேயே சிகிச்சையாளர் நிறுத்தி, இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று மெதுவாகக் கேட்பார். 'நான் என்ன செய்தாலும் உனக்குப் போதாது என்று தோன்றுகிறது, அதனால்தான் பேசாமலிருக்கிறேன்' என்பது போன்ற ஒரு பதில் வரும்போது, வருடக்கணக்காக அலட்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்த துணை முதல் தடவையாகப் பயத்தைப் பார்க்கிறார். ஆனால் அதற்கு இருவருமே அந்த அறைக்கு வர வேண்டும். ஒருவர் மட்டும் வருகிறார் என்றால், அவர் யோசிக்க வேண்டியது வேறு: துணை விலகிய பிறகு திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசுகிறாரா, சொன்ன நாளில் வருகிறாரா, இடைவெளிகள் வருடத்துக்கு வருடம் சுருங்குகின்றனவா. இவற்றுக்கு இல்லை என்பதே பதிலாக இருந்தால், எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டாலும் அந்தக் காத்திருப்பை முடித்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு.